மேடையை மறைக்கும் போட்டோகிராபர்கள்: ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்யாண மண்டபங்களில் போட்டோகிராபர்கள் மேடையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தாலி கட்டுவதைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் முதுகைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள் என்று வாசகர் ஒருவர் உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தார். அப்பா காலத்திலிருந்து காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிக்கு எங்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

இன்றைக்கு நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்திலேயே வழக்கமான போட்டோவுக்கு ஒருவர், போஸ் கொடுக்காமல் இயல்பாக இருப்பதை எடுக்கும் கேண்டிடுக்கு ஒருவர், வீடியோவுக்கு இரண்டு பேர், லைட் பிடிக்க ஒரு பையன், ட்ரோன் விட இன்னொருவர் என்று ஆகிவிட்டது. ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை கேமரா என்றுதான் கேட்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்வது உண்மைதான். தாலி ஏறும் அந்தச் சில விநாடியைத் தவறவிட்டால் பாக்கிப் பணம் வராது என்ற பயம்.

என் குறை வேறு. இத்தனை கேமரா இருந்தும், ஆல்பத்தைத் திறந்தால் அது யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிவதில்லை. முன்பணம் கொடுக்க வருகிறவர்கள் செல்போனை நீட்டி, "இதே மாதிரி வேணும் தம்பி" என்கிறார்கள். பார்த்தால் அது ராஜஸ்தான் கோட்டை ஒன்றில் எடுத்த வடநாட்டுக் கல்யாணமாக இருக்கும். நிச்சயத்துக்குப் பிறகு நேரில் சரியாகப் பேசிக்கூடப் பார்க்காத இரண்டு பேரைக் குளக்கரையில் நிறுத்தி, நெற்றியோடு நெற்றி ஒட்டச் சொன்னால் என்ன ஆகும்? தோள் விறைக்கும், கண் அடுத்து என்ன செய்வது என்று என்னைத் தேடும். இதற்குக் கேண்டிட் என்று தனி ரேட் வேறு.

அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அப்பா எடுத்த படங்களில் ஜனங்கள் தூண் மாதிரி நிற்பார்கள். ஆனால் அவருடைய யாஷிகா கேமராவில் 120 பிலிம் ரோல் போட்டால் 12 படம்தான். வீணாக்க முடியாது. அதனால் முந்தின நாளே கல்யாண வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். தாய்மாமன் யார், எந்த அத்தைக்கும் எந்தச் சித்தப்பாவுக்கும் பேச்சு இல்லை, பெண்ணை வளர்த்தது அம்மாவா அப்பத்தாவா, எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேமராவை எடுப்பார். இப்போது மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் இடம் இருக்கிறது, அந்தப் பேச்சுதான் நின்றுவிட்டது.

நான் இன்னும் அப்படி முன்னாலேயே போகிறேன். எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் நடு முற்றமான வளவுக்குள் காலை வெயில் இறங்கும் நேரத்துக்கு எந்த லைட்டும் ஈடில்லை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து கல்யாணத்துக்காகப் பூட்டிய வீட்டைத் திறந்திருப்பார்கள். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தத்தை எழுதும்போது பெரியவர் ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எழுத்துக் கூட்டிப் படிப்பார், பேரப்பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்ப்பார்கள். யாரையும் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாம் ஓரமாக இருந்தால் போதும்.

ஓரமாக இருப்பதைச் சர்ச் கல்யாணங்களில்தான் கற்றுக்கொண்டேன். பீடத்தில் ஏறக் கூடாது, அப்பத்தையும் ரசத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பிளாஷ் அடிக்கக் கூடாது என்று பாதிரியார் முதலிலேயே சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பக்கவாட்டில் ஒதுங்கி நின்றதால்தான், முன்வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா கிடைத்தார். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பக்கம் நான் போக முடியாது, என் மனைவி போவாள். (அவள் எடுத்ததைத்தான் ஆல்பத்தில் முதலில் வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.) மண்டபக் கல்யாணத்துக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு வந்தால் நான் வரவேற்பேன். தாலி கட்டும்போது மேடையில் ஒரு போட்டோ, ஒரு வீடியோ போதும். மற்றவர்கள் கீழே இருந்து, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 லென்ஸில் எடுக்கட்டும். மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனாரின் முகம் கீழே இருந்துதான் நன்றாகத் தெரியும்.

எடுத்த கல்யாண வீட்டுக்காரர்கள் பல வருஷம் கழித்து ஸ்டுடியோவுக்கு வருவதுண்டு. பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு. மாலை போட்டு வைக்க நல்ல படம் வேண்டும், அவர் தனியாகப் படமே எடுத்துக்கொண்டதில்லை, கல்யாண ஆல்பத்தில் இருக்கிறாரா பாருங்கள் என்பார்கள். தேடினால், மேடையில் பரிசுப் பொருளோடு நின்ற வரிசையில் அவர் இருக்க மாட்டார். சமையல்கட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில் இருப்பார், மொய் மேசையில் நோட்டுக்குப் பின்னால் இருப்பார், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருப்பார். மேடை ஏற முடியாத அப்பத்தா முன்வரிசை நாற்காலியிலேயே இருந்திருப்பார். நான் வரவேற்பு மேடையை விட்டு அரை மணி நேரம் இறங்கினால், "எங்க போனாரு கேமராக்காரரு" என்று மைக்கில் கூப்பிடுகிறீர்களே, அப்போது இவர்களைத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். இலையில் கை வைத்திருப்பவரை மட்டும் எடுப்பதில்லை. அது யாருக்கும் பிடிக்காது.

இன்னொன்று, நிறம். "பொண்ணக் கொஞ்சம் கலர் தூக்கிவிடுங்க" என்று சொல்லாத வீடு குறைவு. ஏற்கெனவே மேக்கப்பில் முகம் ஒரு நிறம், மருதாணி போட்ட கை ஒரு நிறம். அதற்கு மேல் கம்ப்யூட்டரிலும் வெளுத்தால் கண்ணும் மூக்குத்தியும்தான் மிஞ்சும். ஒரு கல்யாணப் பெண் தன் அக்காவின் ஆல்பத்தைக் கொண்டுவந்து, "இதுல எங்கக்கா எங்கண்ணே இருக்கா? என்னையாவது என் நிறத்துல எடுங்க" என்றாள். அப்படியே எடுத்தேன். அவளுடைய அப்பாவுக்கு இன்றுவரை என் மேல் வருத்தம். விளக்கு வெளிச்சத்தால் வரும் நீலத்தையும் ரோஸையும் சரிசெய்வது என் வேலை. தோலை மாற்றுவது என் வேலையில்லை. இதை இப்போது ரசீதிலேயே அச்சடித்துவிட்டேன்.

விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. மண்டபங்களில் இப்போது மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, மேலே கலர் கலராகச் சுழலும் லைட். மாப்பிள்ளைக்குப் பாதி முகம் பச்சை, பெண்ணுக்கு ஊதா. மலிவான எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவின் ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை 1/100 விநாடிக்கு மேல் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக விழும், குறைத்தால் முடிச்சுப் போடும் விரல்கள் கலங்கும். முகூர்த்த நேரத்திலாவது அந்தக் கலர் லைட்டை அணைத்துவிட்டுச் சாதாரண வெள்ளை விளக்கைப் போடும்படி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே சொல்லி வையுங்கள். நாங்கள் சொன்னால் மேனேஜர் கேட்பதில்லை.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
காரைக்குடி.