வானொலிப் பொறுப்பாளர்களுக்கு: எங்கள் பேச்சு நேரத்தைத் திருப்பித் தாருங்கள்

பெருமதிப்பிற்குரிய வட்டார வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடலூர்த் துறைமுகத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு ஒன்றிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற வாரம் ஒரு மாலையில், கடல் வானிலை அறிக்கை வரவேண்டிய நேரத்தில் தொலைதூர நகரமொன்றில் நடந்த விழாவை நேரடியாக ஒலிபரப்பினீர்கள். விழா முடிந்ததும் திரைப்பாடல்கள் தொடர்ந்தன. அறிக்கை அன்றிரவு வரவே இல்லை. இது முதல் முறையன்று என்பதும், இதைப் பற்றி நேயர்கள் எழுதிய கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் இருப்பதும் தாங்கள் அறிந்தவையே.

ஒரு நாள் அறிக்கை விட்டுப்போனால் என்ன ஆகிவிடும் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். என் அண்ணன் மகன் ஃபைபர் படகில் நள்ளிரவுக்குப் பின் கடலுக்குப் போகிறவன். மாலை அறிக்கையைக் கேட்ட பிறகுதான் ஐஸும் டீசலும் வாங்குவதா, வலையைப் படகில் ஏற்றுவதா என்று அவனும் கூட வருகிறவர்களும் முடிவு செய்வார்கள். காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசும் என்று வானொலியில் ஒரு வரி வந்தால் படகு கரையிலேயே கிடக்கும். வராவிட்டால் காற்றின் போக்கையும் மேகத்தையும் பார்த்து அவர்களே கணிக்க வேண்டும். அன்று அந்தக் கணிப்பு தவறிவிட்டது. விடியும்முன் காற்று திரும்பி, வலையில் பாதியை அறுத்துக் கடலில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். உயிரோடு வந்தார்களே என்று அண்ணி அழுதாள். அந்த வலைக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கரையை விட்டுச் சில கடல்மைல் போனதும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் தொடுவானத்துக்கு அப்பால் மங்கிவிடுகிறது. மீடியம் வேவ் எனப்படும் மத்திய அலையோ தரையை விட உப்புநீர்ப் பரப்பின்மேல் வெகுதூரம் போகக்கூடியது. இதைத் தங்கள் பொறியாளர்கள் என்னை விட நன்றாக அறிவார்கள். இயற்கையே கடலுக்கென்று கொடுத்திருக்கும் அந்த வழியில் கடல் வானிலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்பது மிகையா?

இந்தக் கரைக்குப் பேச்சின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த, புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் செய்தியில் ஆழிப்பேரலை பற்றி அறிந்து ஊருக்குத் தொலைபேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊர் மக்களை வெளியேற்றினார்கள். சொந்த மொழியில், எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழும்படி சொன்னதனால் நல்லவாடு பிழைத்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து, நாள்கணக்கில் இருளில் கிடந்தோம். மின்கலம் போட்ட வானொலிப்பெட்டி வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில்தான் தெருவே கூடியது.

கடல் வானிலை ஒன்று மட்டுமன்று. முன்பெல்லாம் ஒரு நாள் முழுவதும் வானொலி எங்களோடு பேசிக்கொண்டிருந்தது. விடியலில் செய்தி, உழவர்களுக்கான உரை, பிறகு மருத்துவரோடு நேர்காணல், நண்பகலில் மகளிர் நிகழ்ச்சி, மாலையில் இளையோர் அரங்கம், இரவில் நாடகம் என்று நாள் நகரும். 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டே தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டு, அதை 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். பேச்சு வானொலியால் ஒரு வட்டாரத்தின் விளைச்சலையே மாற்ற முடிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இன்று அந்த நேரங்களில் பெரும்பாலும் வேறு நிலையங்களிலிருந்து வரும் அஞ்சல் ஒலிபரப்பும் திரைப்பாடல்களுமே வருகின்றன. திரைப்பாடலுக்குத் தனியார் பண்பலைகள் எத்தனையோ இருக்கின்றன. சோனாங்குப்பத்துக் கடலைப் பற்றியும், பண்ருட்டிப் பலாவைத் தாக்கும் நோயைப் பற்றியும் பேசத் தங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

வெளிநாட்டிலும் இதைப் பார்க்கிறோம். 1967 செப்டம்பர் 30 முதல் இயங்கும் பி.பி.சி. ரேடியோ 4, செய்தியும் அறிவியலும் நாடகமும் நாடாளுமன்ற நடப்புமாக நாள் முழுவதும் பெரும்பாலும் பேச்சாகவே ஒலிக்கிறது. அதன் நடுவே 31 கடற்பகுதிகளுக்கான வானிலை அறிக்கையை நாள்தோறும் குறித்த நேரத்தில் வாசிக்கிறார்கள். அங்கே ஒலிக்கும் கிராமத் தொடர்நாடகம் ஒன்று, போருக்குப் பிந்தைய உழவர்களுக்குப் புதிய வேளாண் முறைகளைக் கொண்டு சேர்க்கும் நோக்கத்தோடு தொடங்கி, 1951 முதல் நாடு முழுவதும் கேட்கப்பட்டு வருகிறது. அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஓர் அறிவிப்பாளரும் ஓர் ஒலிவாங்கியும் குறித்த நேரமும் இருந்தால் வாசித்துவிடக்கூடிய அறிக்கைக்குப் பணம் ஒரு தடையாக இருக்க முடியாது. பொது ஒலிபரப்புக்கென இயற்றப்பட்ட 1990ஆம் ஆண்டுச் சட்டமே வேளாண்மை, ஊரக வளர்ச்சி, சுற்றுச்சூழல், உடல்நலம் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தர வேண்டும் என்கிறது. வட்டார நிலையங்களின் நேரத்தை எங்கோ அமர்ந்து பங்கிடுகிறவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒரு கரையின் மொழியும் காற்றும் தெரியாமல் அந்தக் கரைக்கு நிகழ்ச்சி வகுப்பது பெரும் தீங்கு என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

சற்றே கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள்க. என் வேண்டுகோள் இதுதான்: கடல் வானிலை அறிக்கையைக் காலையும் மாலையும் குறித்த நேரத்தில், மத்திய அலையில், தமிழில், எந்த விழாவுக்காகவும் விளையாட்டுக்காகவும் தள்ளாமல் வாசியுங்கள். நேரடி ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தாலும் இரண்டு நிமிடம் அதை நிறுத்தி வாசியுங்கள். உழவர், மகளிர், இளையோர் நிகழ்ச்சிகளையும் நாடகத்தையும் இந்த வட்டாரத்து மனிதர்களைக் கொண்டு இங்கேயே தயாரித்து, எங்கள் பேச்சு நேரத்தைத் திருப்பித் தாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பாக அறிக்கையின் நேரத்தை வானொலியிலேயே அறிவிக்குமாறும், அந்த அறிவிப்பை மீன் இறங்குதளங்களிலும் ஐஸ் ஆலைகளிலும் ஒட்டுவதற்கு அச்சிட்டுத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டும் வேலையை எங்கள் தெருப் பெண்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நெடுநாள் நேயர்,
கடலூர்