மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள், அத்தை

லண்டன், ஒண்டாரியோ
பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

காந்திமதி எழுதுவது. நான் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று ஒரே பதில்தான் வருகிறது, ஆகவே எழுத்தில் கேட்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் பேசும்போதெல்லாம் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிலிருந்து பால் ஊற்ற வருகிறவர் வரை எனக்குப் பதில் சொல்கிறார்கள். அத்தானுக்கு விசா மறுத்த விஷயத்தை அப்படி வைத்துப் பேச முடியாது. இதை நிதானமாகப் படித்து மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதல் விஷயம், அத்தான் மீது எந்த வழக்கும் கிடையாது. "கனடாக்காரன் கேஸ் போட்டுவிட்டானாமே" என்று சீவலப்பேரியில் யாரோ கேட்டதாகச் சொன்னீர்கள். கேஸ் போட்டது நான். கணவர் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையை இந்த நாட்டுச் சட்டம் அவரை அழைக்கிற மனைவிக்குத்தான் கொடுத்திருக்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் மனுக் கொடுக்க வேண்டும். கொடுத்தாகிவிட்டது. மேல்முறையீட்டுக்காரி நான், எதிர்த்தரப்பு இந்த நாட்டு அமைச்சர், அவருக்காக ஒரு வழக்கறிஞர் வருவார். உங்கள் மகன் வெறும் சாட்சி. கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்று மாமா வருத்தப்பட வேண்டாம். ஏறுகிறவள் அவர் மைத்துனர் மகள்தான், அதுவும் பெரும்பாலும் காணொளியில்.

இரண்டாவது, கல்யாணம் செல்லும். சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழை யாரும் பொய் என்று சொல்லவில்லை. சந்தேகம் வேறு. இந்தக் கல்யாணம் உண்மையான கல்யாணமா, இல்லை கனடா வருவதற்காக முக்கியமாகச் செய்துகொண்டதா என்பதுதான் கேள்வி. 2010-க்குப் பிறகு விதி கொஞ்சம் கடுமை. இந்த இரண்டில் ஒன்றில் அதிகாரிக்குத் திருப்தி இல்லாவிட்டாலும் மறுத்துவிடலாம். நிரூபிக்கிற பொறுப்பு முழுக்க நம் தலையில்.

ஏன் மறுத்தார்கள் என்று கடிதத்தில் இரண்டு பத்திதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். வழக்கறிஞர் சொன்னபடி 5 டாலர் கட்டித் தகவல் கேட்டு, அதிகாரி கணினியில் எழுதி வைத்த குறிப்புகளை வாங்கினேன். படித்தபோது கோபம் வந்தது, நடுவில் ஓர் இடத்தில் சிரிப்பும் வந்தது.

"மனைவியை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார்கள். "எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். படிவத்தில் அந்தக் கேள்விக்கு நிச்சயதார்த்தத் தேதிதான் இருக்கிறது, இருவருக்கும் பேசி முடித்த நாள் என்பதால். ஆகவே கணவன் ஒன்று சொல்கிறான், மனைவி ஒன்று சொல்கிறாள் என்று குறிப்பில் எழுதிவிட்டார்கள். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு உங்கள் இடுப்பில் உட்கார்ந்து வந்தவருக்கு எந்தத் தேதியைச் சொல்லத் தெரியும்? அன்றைக்கு எனக்கு வாங்கி வந்த பிஸ்கட்டை அவரே தின்று தீர்த்தார் என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். அதைச் சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம்.

அடுத்தது, கல்யாணம் சின்னதாக நடந்ததாம். தாத்தா காலமாகி வருஷம் திரும்புவதற்குள் நடத்தியாக வேண்டும் என்று குறுக்குத்துறை முருகன் சன்னதியில் முப்பது நாற்பது பேரோடு முடித்தோம். மண்டபம் இல்லை, மேளம் மட்டும். அதிகாரி இதை எப்படி வாசித்திருக்கிறார் தெரியுமா? ஊருக்குத் தெரியாமல் அவசரமாகச் செய்த கல்யாணம் என்று. இறந்தவர் உங்கள் அப்பா, என் அப்பாவுக்கும் அப்பா. இரண்டு வீட்டிலும் ஒரே துக்கம் என்பது அவர் பார்த்த படிவத்தில் எங்கும் இல்லை.

மூன்றாவது, படங்களில் நாங்கள் இருவரும் தள்ளி நிற்கிறோமாம். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒவ்வோர் அறையிலும் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கும். எல்லாவற்றிலும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, தோளில் கை போட்டு, பல் தெரியச் சிரிப்பார்கள். இப்போது தானாக எழுந்து உட்கார முடியாத கிழவர்கள் எல்லாம் அந்தப் படத்தில் மனைவியை இரண்டு கையால் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்! இந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் வீட்டுப் படம் எப்படித் தெரியும்? மாமா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் நாங்கள் இருவரும் பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது போல. துக்க வீட்டுக் கல்யாணத்தில் யார் சிரிப்பார்கள்? சிரித்திருந்தால் நீங்களே கிள்ளியிருப்பீர்கள்.

நான்காவது, ஜூன் முதல் செப்டம்பர் வரை போன் அழைப்புகள் குறைகின்றனவாம். இது உண்மைதான். பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை செய்கிறவருக்கு அதுதான் அறுவடைக் காலம். ஆடிக் காற்று அடிக்கும்போது ஒரு காற்றாடி நின்றாலும் நாள் கணக்கில் நஷ்டம் என்று இராப்பகலாக டவரில் ஏற்றி இறக்குவார்கள். மேலே ஏறினால் போன் கீழே. இங்கே எனக்கு இரவு பத்து மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை எட்டரை, கோடையில் ஏழரை. அந்த நேரத்தில் அவர் வேனில் இருப்பார். அவருடைய சூப்பர்வைசரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

பணம் அனுப்பியதற்குச் சான்று இல்லை என்றும் ஒரு வரி. மனைவி அனுப்பும் பணத்தை வாங்கமாட்டேன் என்று உங்கள் மகன் பிடித்த பிடிவாதம்தான் இது. நீங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டீர்கள். இப்போது கேளுங்கள். அவரை அழைக்கும் படிவத்தில், அவர் இங்கே நிரந்தரமாகக் குடியேறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவர் சாப்பாடு, துணி, இருப்பிடம் எல்லாம் என் பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வந்ததும் வேலைக்குப் போவார், அது வேறு. கையெழுத்து கையெழுத்துதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜங்ஷனில் ஓர் ஏஜெண்ட், மண்டபம் எடுத்து ஒரு வரவேற்பு வைத்து, பழைய தேதி போட்டு ஆல்பம் செய்து தருகிறேன் என்று சொன்னாராமே. தயவுசெய்து அந்த ஆள் வீட்டுப் படி ஏற வேண்டாம். பொய்யான ஒரு காகிதம் கொடுத்ததாகக் கண்டுபிடித்தால் அத்தானுக்கு 5 ஆண்டுகள் இந்த நாட்டுக்குள் நுழையத் தடை. இன்றைக்கு நம்மிடம் இருப்பது உண்மையான கல்யாணம், சரியாகச் சொல்லப்படாத கல்யாணம். அதைச் சரியாகச் சொல்ல மேல்முறையீட்டில் இடம் இருக்கிறது. அங்கே இருப்பவர் பழைய அதிகாரி எழுதியதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. புதிய ஆதாரம் கொடுக்கலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள். அதில் ஒரு பொய்யைக் கலந்தால் நம் உண்மையும் சேர்ந்து அழுகிவிடும்.

"ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு வந்து அவனோடு இருந்துவிட்டுப் போயேன்" என்று மாமா கேட்டார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் இன்னும் குடியுரிமை வாங்காதவள். நிரந்தரவாசி ஒருத்தி கணவரை அழைக்க வேண்டுமென்றால் அவள் கனடாவில்தான் குடியிருக்க வேண்டும். தவிர 5 ஆண்டுகளில் 730 நாளாவது இங்கே இருந்தால்தான் என் நிரந்தரவாசி உரிமையே நிலைக்கும். அத்தானோடு சேர்ந்திருப்பதற்காக அத்தானைப் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இங்கே நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டீர்கள். ஊரில் "மருமகள் லண்டனில் இருக்கிறாள்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டு, ராணி இருந்த ஊர் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். திருத்த வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். இங்கேயும் தேம்ஸ் என்று ஓர் ஆறு ஓடுகிறது. இப்போது ஓரங்கள் உறைந்துபோய்க் கிடக்கிறது. விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். பனி வழுக்காமல் இருக்கத் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். வீடு வந்து பூட்ஸைக் கழற்றி வைத்தால், காய்ந்த பிறகு அதன் மேல் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் பூத்திருக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்காவிட்டால் தோல் வெடித்துவிடும். உப்பைக் காசு கொடுத்து வாங்கித் தெருவில் இறைக்கிற ஊரை நம் தூத்துக்குடிக்காரர்கள் பார்த்தால் வயிறு எரிவார்கள்.

வேலை கஷ்டம்தான், ஆனால் மரியாதை உண்டு. பெரியவர்களைக் கட்டிலிலிருந்து தூக்க இயந்திரம் இருக்கிறது, இருவர் சேர்ந்துதான் இயக்க வேண்டும். என்னோடு சேர்ந்து தூக்குகிற பெண் பிலிப்பைன்ஸ்காரி. அத்தை மகனைக் கட்டியிருக்கிறேன் என்று சொன்னபோது அவள் கைப்பிடியை விட்டுவிடப் பார்த்தாள். இந்த நாட்டிலும் அது சட்டப்படி குற்றமில்லை என்று சொன்ன பிறகுதான் பிடித்தாள். மற்றபடி சாப்பாட்டுக்குக் குறை இல்லை. போன ஞாயிறு டின் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். முதல் பாலும் மூன்றாம் பாலும் எல்லாம் ஒரே டின்னில் வருகிறது, அப்படிப்பட்ட சொதி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. இஞ்சிப் பச்சடியால் தப்பித்தேன்.

எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். விசா அலுவலகத்திலிருந்து முழுக் கோப்பும் வர வேண்டும், பிறகு நம் ஆதாரங்கள் போக வேண்டும். சில வழக்குகளை விசாரணைக்கு முன்பே அமைச்சர் தரப்பு பேசி முடித்துக்கொள்ளும். இல்லையென்றால் விசாரணை. அன்றைக்கு அத்தானைத் தனியாகக் கேட்பார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நாம் ஜெயித்தாலும் அன்றே விசா கையில் வராது. கோப்பு மறுபடி அதே விசா அலுவலகத்துக்குப் போகும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும் என்பதால் அதையும் போலீஸ் சான்றிதழையும் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். ஊருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். "பேப்பர் நடக்கிறது" என்று சொன்னால் போதும்.

உங்களால் ஆக வேண்டியது சில இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பம் நனைந்ததே, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க வேண்டாம், இஸ்திரி போடவும் வேண்டாம். அப்படியே அத்தான் படம் எடுத்து அனுப்பட்டும். வெள்ளம் வந்த வீட்டு ஆல்பம் அப்படித்தான் இருக்கும். மறுவீட்டு விருந்தில் நான் அத்தானுக்குச் சொதி பரிமாறும் படம் சித்தியின் போனில் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன், நீங்கள் கவனிக்கவில்லை. அதை வாங்கிவிடுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எடுத்த பழைய படம், நாங்கள் இருவரும் மொட்டைத் தலையோடு உங்கள் மடியில் இருப்பது, அப்பாவிடம் இல்லை. இந்த வருஷம் கோயிலுக்கு எல்லோரும் வரும்போது பெரியம்மையிடம் கேளுங்கள். முதன்முதலில் எப்போது பார்த்தார்கள் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

எல்லாவற்றையும் விட மொய் நோட்டு. பரண் மேல் இருந்ததால் தண்ணீர் தொடாமல் தப்பித்தது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று மாமா கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது. ஊருக்குத் தெரியாமல் செய்த கல்யாணத்துக்கு யாராவது மொய் எழுதுவார்களா? வழக்கறிஞரிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை, புரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அசல் நோட்டை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் தெளிவாக ஸ்கேன் செய்தால் போதும், இங்கே ஆங்கிலத்தில் பெயர்த்து உறுதிமொழியோடு கொடுப்போம்.

அனுப்புவதற்கு முன் அதில் யாரும் பேனா வைக்கக் கூடாது. சின்ன மாமா அன்றைக்கு மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார், இப்போது 501 என்று சேர்த்துவிடலாமா என்று கேட்கிறாராமே. வேண்டாம். கொடுக்க மனம் இருந்தால் இப்போது உங்கள் கையில் கொடுக்கட்டும், நோட்டில் அவர் பெயர் வேண்டாம்.

உங்கள் மருமகள்,
காந்திமதி