கண்ணுக்கு, அம்மா எழுதுவது

கண்ணு,

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, அசதி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, அப்பா தோட்டமே கதி என்று கிடக்கிறார்.

தம்பி குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று நீ மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. அத்தை வந்து காதில் பெயர் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நீ எட்ட நின்றே சொன்னாய், கொலுசை மாட்டிவிட்டாய், சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். பெரியம்மா வகையறா என்னென்னவோ பேசினார்கள். என் மகள் காரணமில்லாமல் எதுவும் செய்ய மாட்டாள் என்று பந்தியிலேயே சொன்னேன். தம்பி பெண்டாட்டியிடம் மட்டும் தனியாக விவரம் சொன்னேன். உதட்டுக் கொப்புளத்தோடு ஒரு மாதக் குழந்தையை முத்தம் கொஞ்சினால் அதன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். "நல்லவேளை அண்ணி தள்ளி நின்னாங்க" என்றாள். படித்த என் பிள்ளை தெரிந்துதான் செய்திருக்கிறாள் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஊர் முழுக்க ஊசி போட்டு, மாத்திரை கொடுத்துப் பழகியவள் நான். என்னிடம் கூடவா மறைப்பது?

உன் பையில் துணி எடுக்கும்போது அந்த லேப் பேப்பரைப் பார்த்தேன். ஹெர்ப்பிஸ் என்ற பெயரைப் பார்த்துத்தானே இப்படி ஒடுங்கிப் போனாய்? அதில் பாசிட்டிவ் என்று இருப்பது ஹெச்.எஸ்.வி.-1, பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் வரவைக்கிற ஹெர்ப்பிஸ் வைரஸ். உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 100 பேரில் 64 பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்கிறது. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தவரை உனக்கு அது சின்ன வயசிலேயே வந்துவிட்டது. பால்வாடிக்குப் போகும்போது காய்ச்சல் அடித்து, ஈறெல்லாம் வீங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் அழுதாயே. எனக்கும் வரும், அம்மிச்சிக்கும் வரும். எங்கள் யாராவது ஒருத்தர் முத்தத்தில்தான் உனக்கு வந்திருக்கும். அக்கி என்று அம்மிச்சி என்னைக் குயவர் வீட்டுக்குக் கூட்டிப் போய் காவி எழுதி வருவார்கள். கன்னத்தில் அந்த ஈரச் செங்காவி காய்ந்து இழுக்கும். ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஆறுகிற புண், காவிக்குப் பேர் கிடைத்தது.

ஒரு தடவை வந்தால் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்து நரம்பின் முடிச்சில் போய்த் தூங்கும். காய்ச்சல், வெயில், தூக்கக் குறைவு, மன உளைச்சல், மாதவிலக்கு என்று ஏதாவது ஒன்றில் எழுந்து வரும். உனக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதுதானே வருகிறது? தூங்காததால் கொப்புளம், கொப்புளத்தின் வலியில் சாப்பாடும் தூக்கமும் போய் மறுபடி அசதி. தூங்கு கண்ணு.

உதட்டில் சுருசுரு என்று ஆரம்பிக்கும் பார், அப்போதே மாத்திரையைத் தொடங்க வேண்டும். கொப்புளம் உடைந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. டாக்டரிடம் அசைக்ளோவிரோ வாலாசைக்ளோவிரோ முன்கூட்டியே எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள். வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வந்தால் தினசரி மாத்திரையாகச் சில மாதம் கொடுப்பதும் உண்டு, கேள். மெடிக்கல் ஷாப்பில் நீயாக ஸ்டீராய்டு கிரீம் வாங்கித் தடவாதே. நீ லென்ஸ் போடுகிறவள், அதுதான் எனக்குப் பெரிய பயம். புண்ணைத் தொட்ட கையோடு லென்ஸைத் தொடாதே. கண் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் வலித்தால் அன்றைக்கே கண் டாக்டர். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை போகும். கையைக் கழுவு, சோப்புப் போட்டுக் கழுவு.

ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவால் வாயை மூடிக்கொள், சன்ஸ்கிரீன் கலந்த லிப் பாம் கிடைக்கிறது, வாங்கிக்கொள். புண் இருக்கும்போது உன் துண்டும் தண்ணீர் பாட்டிலும் தனியாக இருக்கட்டும். ஊறுகாய் வேண்டாம். தயிர் சோறு, கம்மங்கூழ் போதும். அப்புறம், புண் ஆறியும் அசதி மட்டும் விடாமல் இருந்தால் எல்லாப் பழியையும் இதன்மேல் போடாதே. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடு. நான் சொல்கிற அசதி உடம்பு அசதி. மனசு அசதி என்றால் அதையும் சொல், நான் ஒரு வாரம் வந்து இருக்கிறேன். தூங்கு, முதலில் தூங்கு.

திருப்பூர்க்காரர்கள் உன்னைப் பெண் கேட்டுத் திரும்பவும் ஆள் அனுப்பினார்கள். அந்தப் பேப்பர் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. உனக்குச் சம்மதமில்லை என்றால் இல்லைதான், அதற்கு இந்தக் கொப்புளம் காரணமாக மட்டும் இருக்க வேண்டாம். என்ன பதில் சொல்வது என்று நீ சொல்கிறவரை நான் வாய் திறக்க மாட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா