தடை கிடைத்தது, நிலத்தில்தான் இருக்கிறோம்

குடியாத்தம் பக்கத்து சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நிலத்தை எதிர்த் தரப்பிடம் ஒப்படைக்கச் சொன்ன குடியாத்தம் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து நாங்கள் போட்ட அப்பீல் முடியும் வரை எங்களை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று வேலூர் மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. அம்மா நேற்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினார்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அதே மாவட்டக் கோர்ட்டில் வேறொரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவர். எங்களுக்கு முன்பின் தெரியாது.

தடை உத்தரவு வந்த மத்தியானம் நானும் அம்மாவும் வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தோம். எங்கள் வக்கீல் அடுத்த கேசுக்கு ஓடியிருந்தார். மறுநாள் அமீனா, அதாவது தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியர், நிலத்தை எங்களிடமிருந்து சுவாதீனம் எடுக்க வருவதாக இருந்தது. பெரியவர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, ஆர்டர் தீர்ப்பு சொன்ன கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தடை உத்தரவு தீர்ப்பு சொன்ன கோர்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகுதான் செல்லும், நகல் கைக்கு வர நாளாகும் என்று விளக்கினார். வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்புறம் அம்மாவைப் பார்த்து, "உத்தரவு சொல்லும்போது நீங்க உள்ளே இருந்தீங்களா? உங்க காதால கேட்டீங்களா?" என்றார். அம்மா இருந்தார். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியும் கேட்காமல், காலையிலிருந்து உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். "அது போதும்" என்றார் பெரியவர். அப்பீல் போட்டவரே, தடை கிடைத்தது தனக்கு நேரில் தெரியும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால், உத்தரவு வந்து சேரும் வரை அந்தக் கோர்ட் அதை ஏற்று நிறுத்தி வைக்க வேண்டுமாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 41, ரூல் 5 என்று மனப்பாடமாகச் சொன்னார். எங்கள் வக்கீலைத் தேடிப் பிடித்து, டைப் அடிக்கும் இடத்தில் கூடவே இருந்து, சர்வே எண்ணை என்னை உரக்கப் படிக்கச் சொல்லித் தீர்ப்பாணையோடு ஒத்துப் பார்த்தார். உட்பிரிவு எழுத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை குடியாத்தம் கோர்ட் வாசலில் எங்களுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஜூனியர் வக்கீலோடு பேப்பர் உள்ளே போய், நீதிபதி அதைப் பதிவு செய்து, அமீனாவுக்குத் தகவல் சொல்லும் வரை இருந்தார். பஸ் காசு கூட வாங்கவில்லை. அம்மா கட்டிக்கொண்டு போயிருந்த புளிசாதத்தை மட்டும் சாப்பிட்டார். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஓர் அப்பா கிடைத்தது போல இருந்தது ஐயா.

எங்கள் வக்கீலுக்கும் ஜூனியருக்கும், நிலத்தின் பதிவுகளான அடங்கலும் வில்லங்கச் சான்றும் எடுக்க அலைந்த சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும், மாடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கொல்லை அக்காவுக்கும், அன்றைக்கு ஊரே திரண்டும் சத்தமில்லாமல் நின்ற எல்லோருக்கும் நன்றி.

கேஸ் முடியவில்லை. தடை வந்ததை ஜெயித்ததாக யாரும் பேச வேண்டாம், பட்டாசு வேண்டாம். எதிர்த் தரப்பும் நம் ஊர்க்காரர்கள், அவர்களை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாதீர்கள். இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒன்று: அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடைக்குத் தனியாக மனு போட வேண்டும், தாமதிக்காமல் போட வேண்டும், கோர்ட் கேட்கும் ஜாமீனுக்கும், அதாவது உத்தரவாதத்துக்கும், தயாராக இருக்க வேண்டும். இனி கோர்ட் வாசலில் விழித்துக்கொண்டு நிற்கும் யாரைப் பார்த்தாலும் போய்க் கேட்பேன், பெரியவர் என்னிடம் கேட்ட மாதிரி.

தடைக்காகக் கோர்ட் கட்டச் சொன்ன நிபந்தனைத் தொகைக்கு உதவியவர்களில் சிலர் அம்மா கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போய்விட்டீர்கள். தயவுசெய்து யார் என்று சொல்லுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி விற்றதும் முதலில் உங்கள் பணத்தைத்தான் கொடுக்கப்போகிறோம்.