குனிவில் உட்கார முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நியூயார்க் வாழ்க்கை பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வரி: ‘சாயங்காலமானால் புரூக்ளின் பிள்ளைகள் குனிவில் உட்கார்ந்து அரட்டையடிப்பார்கள்.’ காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். மூலத்தில் ‘ஸ்டூப்’ (stoop) என்று இருந்திருக்கும். அகராதியைத் திறந்ததும் கண்ணில் பட்ட ‘குனி’யை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்த ஸ்டூப் வேறு. தெருவிலிருந்து வீட்டுக் கதவுக்கு ஏறிப்போகும் படிக்கட்டும், அதன் உச்சியில் இருக்கும் சின்ன மேடையும்தான் அது. 1664-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை நியூயார்க் டச்சுக்காரர்களின் ஊர். பெயரும் நியூ ஆம்ஸ்டர்டாம். இது அவர்கள் விட்டுப்போன சொல். குனிவதைக் குறிக்கும் ஸ்டூப்போ பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. ஓசைதான் ஒன்று, வேர் வேறு. ‘திண்ணை’ என்று போட்டிருந்தால்கூட நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் திண்ணை உட்காரவென்றே கட்டியது. இது ஏறிப்போகக் கட்டியது, உட்காருவது ஜனங்களாகச் சேர்த்துக்கொண்டது. ‘வாசற்படி’ என்றால் சரியாக இருக்கும்.

அதே பக்கத்தில், ஓர் அரசியல்வாதி ‘பொய்க்கும் குனிந்தார்’ என்றும் இருந்தது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. குட்டக் குட்டக் குனிகிறவன் என்று நாம் சொல்வது அடி வாங்குகிறவனை. தமிழில் குனிகிறவன் பெரும்பாலும் பாவப்பட்டவன். ஆங்கிலத்தில் பொய் சொல்லும் அளவுக்கு ஸ்டூப் ஆகிறவனை யாரும் குட்டுவதில்லை, அவனாகவேதான் கீழே போகிறான். அதற்கு நம்மிடம் டீக்கடை வரைக்கும் புழங்கும் சொல் இருக்கிறதே: ‘இந்த அளவுக்கு இறங்குவான்னு நினைக்கலை.’ அந்த அரசியல்வாதியும் இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் 31 வருஷம் ஆங்கிலம் நடத்தியவன். ஸ்டூப் என்ற சொல் வரும்போதெல்லாம் வகுப்பு வாசலைத் தாழ்வாக நினைத்துக்கொண்டு, தோளையும் தலையையும் முன்னே தள்ளி நுழைந்து காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். வல்லூறு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு இரைமேல் செங்குத்தாகப் பாய்வதற்கும் ஸ்டூப் என்றுதான் பெயர் என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் சொன்னேன். பக்கத்து நாற்காலித் தமிழ் ஐயா திருத்திய தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘பருந்தின் வீழ்வு, நன்னூல்ல இருக்கு சார்’ என்றார். சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று அமையும் முறைக்கு அந்த இலக்கண நூல் சொல்லும் நான்கு உவமைகள்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, அப்புறம் இது. எனக்கு அன்று வாயடைத்துப் போயிற்று.

‘குனி’ அச்சாகப் பொருந்தும் இடமும் உண்டு. அமெரிக்காவில் ‘ஸ்டூப் லேபர்’ என்பார்கள். நாளெல்லாம் குனிந்தபடியே செய்யும் வயல் வேலை. கலிபோர்னியாவில் லெட்டூஸ் கீரை, சர்க்கரை பீட் வயல்களில் மெக்சிகோ தொழிலாளிகள் கையில் குட்டைக் காம்புக் களைக்கொத்தைக் கொடுத்திருந்தார்கள். நிமிர்ந்து நின்றால் அதை வைத்து வேலை செய்ய முடியாது. யார் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு கெட்டுப்போனவர்களின் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல்தான் அந்தக் கொத்து தடைசெய்யப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம். மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போனவள். இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றில், காலோ பின்னால் பின்னால் போகும். வரப்பேறி நிமிரும்போது இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தபடி நிற்பாள். எழுபது வயதில் கூன் விழுந்துவிட்டது. அந்தக் கூனுக்கும் ஆங்கிலத்தில் ஸ்டூப்தான்.

மொழிபெயர்த்தவர் இளைஞராக இருப்பார் என்று நினைக்கிறேன். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் வந்தால் என்னிடம் இருக்கும் இரண்டு பெரிய அகராதிகளையும் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். எங்கள் வீட்டு வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு, குனிந்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மன்னார்குடி.