தாளம் தப்பாத அபராதம்

நியூவர்க், நியூ ஜெர்சி
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே குளிர் உச்சத்தில் இருக்கிறது. வாயைத் திறந்தால் பீடி குடித்த மாதிரி புகை வருகிறது.

"அந்த ஊர்ல யாரைடா பெரிய ஆளுன்னு சொல்றாங்க, மைக்கேல் ஜாக்சனையா, எல்விஸையா?" என்று போனில் கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. போனது நல்லதுதான். நாலு வார்த்தையில் அடங்குகிற கேள்வி இல்லை அது.

இந்த ஊரில் நம் டீக்கடை பெஞ்சின் வேலையைச் செய்வது முடி வெட்டும் கடை. சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதுவரை வாய்க்குத்தான் வேலை. நம் பெஞ்சில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று ஓடியது போல, இங்கே பாட்டுக்காரர்களை வைத்து ஓடுகிறது. கிழவர்கள் சினாட்ரா, சாமி டேவிஸ் ஜூனியர் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மைக்கேல், பிரின்ஸ். கல்லூரிப் பிள்ளைகளுக்கு பியான்ஸே, டெய்லர் ஸ்விஃப்ட். அவரவர் பதினைந்து வயதில் கேட்டவர்தான் அவரவருக்கு உலகத்திலேயே பெரியவர். அங்கும் அப்படித்தானே.

ஒன்றை மட்டும் இவர்கள் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடகர் வேறு, எண்டர்டெய்னர் வேறு. நாம் 'சபையைக் கட்டிப்போடுகிற ஆள்' என்போமே, அதுதான் இரண்டாவது. விட்னி ஹூஸ்டன் இதே நியூவர்க்கில் பிறந்தவர். அவர் குரலை யாராவது மட்டமாகப் பேசினால் கடையில் கத்தரிக்கோல் நின்றுவிடும். ஆனாலும் எண்டர்டெய்னர் பட்டியல் என்று வரும்போது அவர் பெயரை இரண்டாவது சுற்றில்தான் எடுக்கிறார்கள்.

சண்டையில் எல்லோரும் முதலில் உருவுகிற ஆயுதம் விற்பனைக் கணக்கு. அது மொண்ணைக் கத்தி. இங்கே வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்துவது பில்போர்டு பத்திரிகை. 1964 ஏப்ரல் 4-ஆம் தேதி அதன் பட்டியலில் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸுக்கு. 2022 அக்டோபர் கடைசியில் வந்த பாட்டுகளை வைத்து டெய்லர் ஸ்விஃப்ட் முதல் பத்தையும் பிடித்தார். ஐந்தை விடப் பத்து பெரிது, முடிந்தது என்பான் ஒரு பையன். ஆனால் 1964-இல் ஒவ்வொரு பாட்டும் தனி சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, அச்சாகிக் கடைக்குப் போனால்தான் கணக்கில் சேரும்; விற்பனையோடு ரேடியோவில் ஓடியதையும் எண்ணினார்கள். சிங்கிளாக வராத ஆல்பம் பாட்டையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று விதி மாறியது 1998 டிசம்பரில். இப்போது ஆல்பம் வெளியான அன்றே எல்லாப் பாட்டையும் போனில் ஓடவிட்டால் அத்தனையும் எண்ணிக்கைக்கு வந்துவிடும். ஆல்பம் சான்றிதழ் கணக்கில் 1,500 தடவை பாட்டு ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதாக 2016-இலிருந்து எழுதுகிறார்கள். அளக்கிற படியே மாறிவிட்டது. யார் அதிகம் அளந்தார் என்று எப்படிச் சொல்வது?

அதனால் நான் பார்ப்பது வேறு. அன்றைக்கு அவர் கையில் என்ன சாமான் இருந்தது? அதை வைத்துக்கொண்டு மேடையில் உடம்பால் என்ன செய்தார்?

மைக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்குப் பிடித்த விஷயம். நூறு வருஷத்துக்கு முன்னால் 'உலகத்திலேயே பெரிய எண்டர்டெய்னர்' என்று விளம்பரம் செய்யப்பட்டவர் ஆல் ஜோல்சன். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் குரலை எறிந்தவர்; கிட்டப்பா காலத்து ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் கரி பூசிக் கறுப்பரைப் போல வேஷம் கட்டினார் என்பதால் இந்தக் கடையில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. பிங் கிராஸ்பி மைக்குக்கு நெருங்கி நின்று காதில் பேசுவது போலப் பாடினார். கத்த வேண்டாம் என்று ஆனதும் மூச்சுதான் வித்தை. சினாட்ரா அதை டாமி டார்ஸி என்ற டிராம்போன்காரரிடம் கற்றார். டார்ஸி வாசிக்கும்போது எங்கே மூச்சு வாங்குகிறார் என்றே தெரியாது. வாயோரத்தில் ஒரு சின்னத் துளை விட்டு இழுத்துக்கொள்வார். அதைப் பார்த்து சினாட்ரா நீச்சல் குளத்தில் நீருக்கடியில் மூச்சுப் பிடித்துப் பழகினார். மற்றவர்கள் வரிக்கு வரி நிறுத்துகிற இடத்தில் அவர் அடுத்த வரிக்குள் நடந்து போய்விடுவார். கிழவர்கள் சும்மா சொல்லவில்லை.

சாமி டேவிஸ் அகலத்தில் எல்லோரையும் தாண்டியவர். நடக்கப் பழகிய வயதிலேயே மேடை. பாட்டு, ஷூ அடியால் தாளம் தட்டி ஆடுகிற டாப் டான்ஸ், டிரம்ஸ், வைப்ராஃபோன், பிறர் குரலில் பேசுவது எல்லாம் ஒரே கச்சேரியில். 1954-இல் கார் விபத்தில் இடது கண் போன பிறகும் ஆடினார். ஒரு கண்ணில் மேடை விளிம்பு எவ்வளவு தூரம் என்று சரியாகத் தெரியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அவர் சுழல்வதைப் பார்க்க வேண்டும்.

பீட்டில்ஸ் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம், ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கூட்டம். கிட்டாருக்கு இருந்தது வாக்ஸ் கம்பெனியின் 100 வாட் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள். குரல் போனது பேஸ்பால் அறிவிப்புக்கு மாட்டியிருந்த ஸ்பீக்கர் வழியாக. தன் சத்தம் தனக்கே கேட்க மேடையில் வைக்கிற மானிட்டர் கிடையாது! நம் குழுவே கோயில் கொடைக்கு இரண்டு மானிட்டர் இல்லாமல் ஏறாது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தன் கூட்டாளிகள் எங்கே பாடுகிறார்கள் என்று டிரம்மர் ரிங்கோவுக்குக் கேட்கவில்லை. அவர்கள் உடம்பு ஆடுவதைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 29-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவோடு ஊர் ஊராகப் போவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேடையில் சாதாரணம் என்று தீர்ப்புச் சொல்கிறவன் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததில்லை.

ஸ்டேடியத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். எதிர்ப்பக்கம் மோதித் திரும்பி வரும் சொந்தக் குரல் அரை நொடி, முக்கால் நொடி பிந்திக் காதில் விழும். அதைக் கேட்டால் பாடுகிறவர் தன்னை அறியாமல் இழுத்துவிடுவார். இரண்டு வரிக்குள் பேண்டும் குரலும் பிரிந்துவிடும். 1991 சூப்பர் பவுலில் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம்) விட்னி பாடிய தேசிய கீதம் முன்னாலேயே பதிவு செய்த குரலில்தான் ஒலித்தது. அதில் அவமானம் எதுவும் இல்லை. இப்போது காதுக்குள் மானிட்டர் வந்துவிட்டது. தாளத் தட்டல் நேராகக் காதில் விழுகிறது. டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 கச்சேரி, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடியது அந்த வசதியால் முடிந்தது. ஆனால் வசதி மூச்சைத் தராது. அதற்காக டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே முழுக் கச்சேரியையும் பாடிப் பழகியிருக்கிறார். பையன்கள் இதைச் சொன்னால் கிழவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

என் ஓட்டு ஜேம்ஸ் பிரவுன் என்ற கறுப்பினப் பாடகருக்கு. உங்கள் ஓட்டும் அவருக்குத்தான் விழும், காரணம் சொல்கிறேன்.

நீங்கள் கீபோர்டிலிருந்து கண்ணாலேயே திட்டுவீர்களே, அதே தொழில்தான், ஆனால் காசோடு. டிரம்பெட், டிராம்போன் ஊதுகிற பித்தளைக்காரர் ஒரு சுரம் தப்பினால், டிரம்மர் தாளம் நழுவினால், ஷூ பாலிஷ் இல்லாமல் ஏறினால், அபராதம். அதை எப்போது விதிப்பார் தெரியுமா? ஆடிக்கொண்டிருக்கும்போதே. சுழன்று திரும்பும்போது தப்பு செய்தவன் பக்கம் கை விரல்களை விரித்து மூடுவார். எத்தனை தடவை விரிகிறதோ அத்தனைக்குப் பணம் போகும். அதையும் தாளத்தின் மேலேயே விரிப்பார். கூட்டத்துக்கு அது ஆட்டத்தில் ஒரு அடவு. வாசிக்கிறவனுக்கு மட்டும் சம்பளம் குறைவது தெரியும். இதனால் பேண்டில் ஒருத்தரும் அவர் மேலிருந்து கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுக்காததால், கையை வெட்டினால் நிறுத்தம், தோளைத் தூக்கினால் பித்தளை அடி, எல்லாம் அந்த நொடியே விழுந்தது. ஒத்திகையில் எழுதி வைத்த வரிசை தேவையே இல்லை.

தாளத்தையும் அவர் புரட்டிப் போட்டார். இங்கே பெரும்பாலான பாட்டில் நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும்தான் அழுத்தம். அவர் 'ஒன்று' என்ற முதல் அடியில் எல்லோரையும் சேரச் சொன்னார், நாம் சமத்தில் சேர்வது போல. இடையில் கிட்டார், பேஸ், பித்தளை எல்லாம் ஆளுக்கொரு மூலையில் டிரம் மாதிரித் தட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வரும்போது மொத்தமும் வந்து விழும். 1967-க்குப் பிறகு வந்த அவர் பாட்டுகளில் இது துல்லியமாகக் கேட்கும்.

அந்தப் போர்வை வித்தையையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான பாட்டின் முடிவில் முழங்காலில் விழுந்து விம்முவார். அறிவிப்பாளர் டேனி ரே வந்து தோளில் போர்வை போட்டு, தட்டிக்கொடுத்து உள்ளே நடத்திப் போவார். பாதி வழியில் காலை உதைத்து, போர்வையை எறிந்துவிட்டு மைக்குக்கு ஓடி வருவார். மறுபடி விழுவார், மறுபடி போர்வை. ஜார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரைப் பார்த்து எடுத்தேன் என்று அவரே சொன்னார். பிறகு எத்தனையோ பேர் செய்து பார்த்து அசடு வழிந்தார்கள். போர்வையைக் கவனித்தார்கள், பேண்டைக் கவனிக்கவில்லை. அவர் பேண்ட் அந்த நேரம் முழுக்க ஒரே வட்டத்தைச் சத்தம் ஏற்றாமல் இறக்காமல் வாசித்துக்கொண்டே இருக்கும். பேண்ட் நின்றுவிட்டால் கூட்டம் கைதட்டி முடித்துவிடும். நிற்காத வரைக்கும் 'திரும்பி வருவாரா' என்ற கேள்வி உயிரோடு இருக்கும்.

1962 அக்டோபர் 24 அன்று ஹார்லெமில் அப்பல்லோ தியேட்டர் கச்சேரியைத் தன் சொந்தக் காசில் பதிவு செய்தார். புதுப் பாட்டே இல்லாத கச்சேரி ரெக்கார்டை யார் வாங்குவார்கள் என்று ரெக்கார்டு கம்பெனி முதலாளி மறுத்திருந்தார். அது ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போய் 66 வாரம் இருந்தது. 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் ஊராக எரிந்தது. மறுநாள் பாஸ்டனில் இவர் கச்சேரி. ரத்து செய்யாமல் டி.வி.யில் நேரடியாக விட்டார்கள், ஜனங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று. கடைசியில் பையன்கள் மேடையில் ஏற, போலீஸ் தள்ள ஆரம்பித்தது. இவர் போலீஸை ஒதுங்கச் சொல்லிவிட்டு, பையன்களிடம் பேசி இறக்கினார், பாட்டு தொடர்ந்தது. அன்று பாஸ்டன் பெரிதாக எரியவில்லை. இதுதான் சபையைக் கட்டுவது.

மைக்கேல் ரசிகர்கள் என்னை உதைக்க வருவார்கள். அவர் கற்றதே ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்துத்தான். முன்னால் நடப்பது போலத் தெரிய, பின்னால் வழுக்கிப் போகிற மூன்வாக்கை முதன்முதலில் அவர் ஆடியது 1983 மார்ச் 25, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், 'பில்லி ஜீன்' பாட்டுக்கு, டி.வி.யில் வந்தது மே 16. அன்று அவர் அந்தப் பாட்டை நேரில் பாடவில்லை, டிராக் ஓடியது. அடவும் புதிதல்ல, பில் பெய்லி என்ற டாப் டான்ஸர் 1955-இலேயே ஆடிய படச்சுருள் இருக்கிறது. ஆனால் சில நொடி அடவை எந்த இடத்தில் வைத்தால் தேசமே மூச்சடைக்கும் என்று தெரிந்தது மைக்கேலுக்குத்தான். 1993 சூப்பர் பவுலில் மேடைக்கு வந்து ஒன்றரை நிமிஷம் போல அசையாமல் நின்றார். நிற்பதற்கே அலறினார்கள். 1996 நவம்பர் 1-ஆம் தேதி பம்பாய்க்கும் வந்து போனார். இரண்டாம் இடம் அவருக்கு. அதற்குக் கீழே இறக்க மாட்டேன்.

சின்னவன் ஆண்டு விழாவில் மூன்வாக் ஆடுகிறான் என்றீர்களே, அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். வலது பாதம் தட்டையாக முன்னால். இடது பாதம் பின்னால், குதிகாலைத் தூக்கி, விரல் மேட்டில். உடம்பின் எடை முழுக்க இடது காலின் அந்த மேட்டில். எடையே இல்லாத வலது பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் நேர்ப் பின்னால் இழுக்க வேண்டும். அது இடது காலைத் தாண்டிப் பின்னால் போனதும், வலது குதிகால் மேலே, இடது குதிகால் கீழே, இரண்டும் ஒரே சொடுக்கில். எடை வலதுக்கு மாறும். இப்போது இடது பாதத்தை இழு. எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு, இழுக்கிற காலில் எடையை வைப்பது. அப்புறம் அது நடையாகிவிடும். இரண்டாவது, ஊன்றிய முழங்காலை நீட்டி மடக்குவது. தலை ஏறி இறங்கினால் வித்தை அம்பேல். தலைக்கு நேராகச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பழகட்டும்.

வீட்டில் சிமெண்டுத் தரையில் சாக்ஸோடு முதலில். பள்ளி மேடையில் ஜமுக்காளம் விரித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் உருட்டி வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் அடி ஷூ பிடித்துக்கொள்ளும். உங்கள் கச்சேரி ஷூ தோல் அடிதானே, முன்னால் துணி திணித்துப் போட்டுவிடுங்கள். மைக்கேல் முன்னால் சாய்வாரே, அதற்கு மட்டும் கண்டிப்பாகத் தடை. மேடையில் ஆணி எழும்பி நிற்கும், ஷூ குதியில் உள்ள பிளவு அதில் மாட்டிக்கொள்ளும். 1993-இல் அதற்குப் பேடண்டே வாங்கியிருக்கிறார். இவன் சாய்ந்தால் மூக்குதான் உடையும்.

சித்திக்கு என் வணக்கம். விழா முடிந்ததும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்