கென்ட்டிலிருந்து அக்காவுக்கு

கென்ட், வாஷிங்டன் மாநிலம்
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் உன் கையெழுத்து என்னை முறைத்தது. ஃபோனில் பேசினால் அங்கே அத்தான் பக்கத்தில் இருப்பார், இங்கே இவர் இருப்பார், கேட்க நினைத்ததைக் கேட்க முடியாது என்று எழுதியிருந்தாய். சரிதான். அதனால்தான் நானும் பேனாவை எடுத்தேன்.

எல்லாரும் நலம். இவர் ஆகஸ்டிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். இப்போது இந்த ஊரில் நிறையப் பேருக்கு வீட்டிலிருந்துதான் வேலை. தோசை முறுகலாக வார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார், என்னுடையதைவிட நன்றாகவே வருகிறது. அருண் என்னைவிட அரை அடி உயரம். என் ஸ்கூல் வேலை அப்படியே போகிறது. அம்மா ஊரெல்லாம் என்னை டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சொல்லட்டும், நீ திருத்தாதே.

நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் என்றதும் நீ பனிமலையை நினைக்காதே. இங்கே பனி விழுவது அபூர்வம். நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும், நம் ஐப்பசி மழை மாதிரி கொட்டிவிட்டு ஓயாது. கறிவேப்பிலைச் செடியை அக்டோபரிலேயே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஹீட்டர் பக்கம் வைத்தால் இலை கொட்டுகிறது, ஜன்னல் பக்கம் வைத்தால் கறுத்துப்போகிறது. இன்றைய கணக்குக்குப் பதினோரு ஈர்க்கு இருக்கிறது. எண்ணித்தான் தாளிக்கிறேன்.

பக்கத்து வீட்டு ரானைப் பற்றி ஃபோனில் சொல்லியிருக்கிறேன் அல்லவா, போயிங் கம்பெனியில் இருந்து ரிட்டையர் ஆனவர். தோட்டம் முழுக்க டேலியாப் பூச்செடி வைத்திருக்கிறார். முதல் உறைபனி விழுந்து செடி கறுத்ததும் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, குழாயடியில் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவி, ஒவ்வொரு கிழங்கின் மேலும் பேனாவால் அதன் பெயரை எழுதி, மரத்தூளில் புதைத்து வைப்பார். அடுத்த சித்திரையில்தான் திரும்ப நடுவது. முதல் வருடம் எனக்கு இரண்டு கொடுத்தார். சேப்பங்கிழங்கு மாதிரியே இருந்ததால், வறுவல் நன்றாக வருமா, குழம்புக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை. உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து, இப்போது சொன்னதைத் திரும்பச் சொல் என்றார்.

சரி, கயல் விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜிலேயே பேச்சலர் டிகிரி தருகிறார்கள், பிளஸ் டூ மார்க் போதும், நேராகச் சேர்த்துவிடலாம் என்று மதுரை கன்சல்டன்சிக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். முதல் பாதி நிஜம். மீதி புளுகு.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் இங்கே வழக்கமாக இரண்டு வருடம். முடித்தால் அசோசியேட் டிகிரி. அதை வைத்துக்கொண்டு யுனிவர்சிட்டிக்குப் போய் மீதி இரண்டு வருடம் படிப்பார்கள். அந்த மீதியையும் கம்யூனிட்டி காலேஜே நடத்தலாம் என்று இந்த மாநிலத்தில் 2005-ல் சட்டம் வந்தது. 2007-ல் நான்கே காலேஜில் ஆரம்பித்தார்கள். பெல்வியூவில் எக்ஸ்ரே, ஸ்கேன் துறைக்கு ஒன்று, சவுத் சியாட்டிலில் ஹோட்டல் நிர்வாகத்துக்கு ஒன்று, இப்படி. இப்போது மாநிலத்தில் உள்ள 34 காலேஜ்களையும் சேர்த்தால் நூறு படிப்புக்கு மேல் தேறும். சண்முகம் மாமா மகன் இருக்கிற கலிபோர்னியாவில் 2014-ல்தான் சட்டம் போட்டு, 15 காலேஜில் சோதனை பார்த்து, 2021-ல் நிரந்தரம் ஆக்கினார்கள். எல்லா மாநிலத்திலும் இது கிடையாது.

நம் ஊரில் டிப்ளமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேருவார்களே, லேட்டரல் என்ட்ரி, ஏறக்குறைய அதுதான். இங்கே நுழைவது மூன்றாம் வருடத்தில். இந்த டிகிரிக்குப் பெயர் பி.ஏ.எஸ்., தொழில் சார்ந்த பேச்சலர். உள்ளே போக அசோசியேட் டிகிரியோ, அதற்கு ஈடாக 90 கிரெடிட்டோ கையில் இருக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு 5 கிரெடிட் என்று வைத்தால் பதினெட்டுப் பாடம். சராசரி மதிப்பெண் நாலுக்கு 2.0-ஆவது வேண்டும், சில படிப்புக்கு அதற்கும் மேலே. இங்கிலீஷ் 101 என்கிற முதல் ஆங்கிலப் பாடத்தை முடித்திருக்க வேண்டும், காலேஜ் தரத்தில் ஒரு கணக்குப் பாடமும் முடித்திருக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்று சில இடங்களில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு என்றால் பல இடங்களில் அந்த வேலைக்கான லைசென்ஸே முதலில் கேட்பார்கள். கயல் ஆசைப்படும் கம்ப்யூட்டர் சயன்ஸை இங்கே கம்யூனிட்டி காலேஜ்கள் நடத்த 2021-ல்தான் தனியாகச் சட்டம் வந்தது. அதற்குக் கால்குலஸும் புரோகிராமிங்கும் முன்னாலேயே முடித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

ஆக, பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு மூன்றாம் வருட வாசலில் போய் நிற்க முடியாது. அவள் வருவதென்றால் முதல் இரண்டு வருடம் அசோசியேட் படித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் சில காலேஜில் ஆங்கிலத் தேர்வு மார்க், பேங்க் கணக்கில் ஒரு வருடச் செலவுக்கான பணம், பிறகு விசா இன்டர்வியூ. ஃபீஸ் இந்த ஊர்க்காரர்கள் கட்டுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு வருடம் இங்கே இருந்துவிட்டால் உள்ளூர் ஃபீஸ் ஆகிவிடும் என்றும் அந்த ஆள் சொன்னாராம். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு அது செல்லாது. அவரிடம் முன்பணம் எதுவும் கட்டாதே. காலேஜுக்கே நேராக மெயில் போட்டுக் கேட்கலாம், காசு கிடையாது. கயலையே போடச் சொல். பின்னால் எம்.எஸ். படிக்க இந்த டிகிரியை எந்தெந்த யுனிவர்சிட்டி ஒத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல், எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வதில்லை. என் அபிப்பிராயம் கேட்டால், மதுரையிலேயே ஒரு டிகிரி முடிக்கட்டும். சித்தி தடுக்கிறாள் என்று நினைப்பாள், நினைத்தால் நினைக்கட்டும்.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் விண்ணப்பம் போடப்போகிறேன் அக்கா. நெட்வொர்க், செக்யூரிட்டி பக்கம் ஒரு பி.ஏ.எஸ். நாற்பத்து மூன்று வயதில். அம்மாவிடம் மெல்லச் சொல்.

ரான்தான் கிளப்பிவிட்டார். அவர் பேத்தி ஒருத்தி இப்படித்தான் படித்து வேலைக்குப் போனாளாம். பாலிடெக்னிக் மார்க் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து, மதிப்பீடு செய்யும் இடத்துக்கு அனுப்பினேன். மூன்று வருட டிப்ளமா, ஆறு செமஸ்டர், அத்தனை அரியர் எழுதி முடித்தது, எல்லாம் சேர்த்து 58 கிரெடிட் வரலாம் என்றார்கள். கணக்கை ஒத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் படித்த கம்யூனிகேஷன் பாடம் செல்லாதாம். அட்வைசரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் 'இல்லை' என்று மூன்று தடவை சொன்னாள். அதனால் வாரம் இரண்டு சாயங்காலம் இங்கிலீஷ் 101. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவது பதினாறு வயதுப் பையன். இங்கே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே காலேஜில் வந்து படிக்கலாம், படிப்புக்குக் கட்டணமும் கிடையாது, ரன்னிங் ஸ்டார்ட் என்று பெயர். அருணும் அடுத்த வருடம் அப்படிப் போகலாம். அம்மாவும் மகனும் ஒரே கேன்டீனில்!

ஃபீஸுக்குக் கவலைப்படாதே. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மாநில கிராண்ட் உண்டு. கிடைக்கும் என்றுதான் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்ப்பார்கள், அதன்படி எங்களுக்கு வராது. நிலைமை மாறியிருந்தால் விளக்கி ஒரு கடிதம் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தேன். பலரும் கொடுப்பதுதான். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

போன மாதம் வகுப்பில், ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக விளக்கிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் அப்பா சேவு நிறுத்துப் போடுவதை எழுதினேன். பூண்டு அரைத்து மாவில் பிசைவது, கரண்டியைச் சட்டிக்கு மேல் பிடித்துத் தேய்ப்பது, எண்ணெய் அடங்கும் சத்தம் கேட்டு அள்ளுவது, பேப்பரைக் கூம்பாகச் சுற்றுவது, தராசு நேரான பிறகும் ஒரு கை அள்ளி மேலே போடுவது. திருப்பிக் கொடுத்தபோது அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'எவ்வளவு? அளவு தெளிவாக இல்லை.' பஸ்ஸில் வரும்போது என் கையை விரித்துப் பார்த்தேன். என் கை சின்னது. அப்பா கையில் வலது கட்டைவிரல் பக்கம் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்குமே, அது எந்த வடிவம் என்று நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஸ்டாப்பில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, மழையில் நடந்து வந்தேன். அந்தத் தழும்பு எப்படி இருக்கும் அக்கா? உனக்கு நினைவிருந்தால் எழுது.

இனிமேல் அப்பா கடை விஷயம். இதைத்தான் ஐந்து வாரமாகத் தள்ளிப்போட்டேன். செல்வத்தால் தனியாகக் கடையை ஓட்ட முடியவில்லை, கேட்கிற பார்ட்டி நல்ல விலை சொல்கிறார் என்றால் விற்க வேண்டியதுதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கையெழுத்துக்கு நான் வரவேண்டாம். சியாட்டிலிலேயே 2023-ல் இந்தியத் தூதரக அலுவலகம் திறந்துவிட்டார்கள், முன்பு மாதிரி சான்பிரான்சிஸ்கோ கணக்கு இல்லை. பவர் பத்திரம் இங்கே அத்தாட்சி வாங்கி அனுப்புகிறேன். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், செல்வத்திடம் சொல், அவன் மறந்துவிடுவான்.

போன தடவை வந்தபோது என் பாகம் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா. அதை இப்போதைக்கு எழுத்தில் வைக்க வேண்டாம். அருண் காலேஜ் போகிற நேரம், அதற்காகத்தான்.

கடையில் இருக்கும் பழைய தராசை மட்டும் விலையில் சேர்க்காதீர்கள். தட்டு நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை.

செல்வத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஸ்கேன் காப்பியை வைத்துப் போட்ட 58 உறுதி கிடையாது, மார்க் விவரம் சீல் வைத்த கவரில் நேராக அங்கிருந்து வந்தால்தான் முடிவு. பாலிடெக்னிக் ஆபீஸில் முதலில் கேட்கட்டும், அங்கே முடியாது என்றால் சென்னையில் கிண்டி தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வரை போகவேண்டி வரலாம். என் பதிவு எண் மர பீரோவில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருக்கும் பச்சை ஃபைலில் இருக்கிறது. கவரை அவன் பிரித்துப் பார்க்கக் கூடாது, பிரித்தால் செல்லாது. ஆர்வக்கோளாறு பிடித்தவன், அழுத்திச் சொல்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து போட்டுவிட ஒரு ஆள் வேண்டும், கயலுக்கு அப்போது பரீட்சை, நீயே பத்து நாள் போய் இரு. அத்தானுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை.

இருக்கன்குடிக்குப் போனால் அருண் பெயருக்கு ஒரு அர்ச்சனை. இவர் பெயருக்கும்.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு: கடைசிப் பக்கத்தை அத்தானிடம் காட்டாதே. கயலிடம் முதல் மூன்று பக்கம் மட்டும்.